அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இனம், இனக்குழு ஆய்வை மைனராக எடுக்க: படிப்படியாக ஒரு வழிகாட்டி

கணினி அறிவியலோ உயிரியலோ பொருளியலோ மேஜராக (முதன்மைப் பாடமாக) இருக்க, கூடவே இனம், இனக்குழு ஆய்வை மைனராக (துணைப் பாடமாக) எடுக்கலாமா என்று யோசிக்கும் இளநிலை மாணவர்களுக்கு இது. இந்த மைனரின் பெயர் பல்கலைக்குப் பல்கலை மாறும். எத்னிக் ஸ்டடீஸ் என்பார்கள், ரேஸ் அண்ட் எத்னிசிட்டி என்பார்கள், சில இடங்களில் கம்பேரட்டிவ் என்ற சொல்லும் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். விதிகளின் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது பல துறைகள் சேர்ந்து நடத்தும் மைனர். வரலாறு, சமூகவியல், மானிடவியல், ஆங்கில இலக்கியம், அரசியல் அறிவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகள்தான் பாடங்களைத் தருகின்றன. மைனர் அலுவலகத்திடம் இருப்பது அவற்றின் பட்டியல் மட்டுமே. எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் வரும், எத்தனை இடம், யாருக்கு முன்னுரிமை என்பதையெல்லாம் அந்தந்தத் துறை முடிவு செய்யும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்து பிறப்பவைதான். பாடம் கடினம் என்று இதை விட்டவர்களைவிட, கணக்கு தப்பிப்போய் விட்டவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள்.

1. உங்கள் கேட்டலாக் ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

கேட்டலாக் என்பது பாடங்களையும் விதிகளையும் பல்கலை ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பு. மைனரின் விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. உங்களைக் கட்டுப்படுத்துவது எந்த ஆண்டின் விதி என்பது பல்கலையைப் பொறுத்தது. சில இடங்களில் நீங்கள் சேர்ந்த ஆண்டு, சில இடங்களில் மைனரைப் பதிவு செய்த ஆண்டு. இரண்டாவது வகைப் பல்கலை என்றால், பதிவு செய்வதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் விதி மாறும் வாய்ப்பு கூடுகிறது.

இந்தத் துறையில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஃப்ளோரிடாவில் 2023-இல் எஸ்.பி. 266 சட்டம் வந்தது. 2024 ஜனவரியில் அரசுப் பல்கலைகளின் பொதுக் கல்வி (எந்த மேஜராக இருந்தாலும் எல்லோரும் முடிக்கவேண்டிய பாடங்கள்) அடிப்படைப் பட்டியலிலிருந்து சமூகவியல் அறிமுகப் பாடம் எடுக்கப்பட்டது. பாடம் மறைந்துவிடவில்லை; பொதுக் கல்விக் கணக்கில் சேரும் தகுதிதான் போனது. ஆனால் ஒரே பாடத்தால் இரண்டு தேவைகளை முடிக்கலாம் என்று திட்டமிட்டவர்களுக்கு அதுவே கூடுதலாக ஒரு பாடச் சுமை. கலிஃபோர்னியாவில் நிலைமை நேர் எதிர். 2020-இல் கையெழுத்தான ஏ.பி. 1460 சட்டப்படி, கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலை வளாகங்களில் இளநிலைப் பட்டம் பெற 3 யூனிட் (ஒரு பாட அளவு) எத்னிக் ஸ்டடீஸ் பாடம் கட்டாயம். அங்கே படிப்பவர்கள் மைனரின் முதல் பாடத்தை எப்படியும் எடுத்தே ஆகவேண்டும்.

எனவே உங்கள் ஆண்டுக்குரிய மைனர் பக்கத்தை இன்றே பிடிஎஃபாகச் சேமித்து வையுங்கள். இணையப் பக்கம் சத்தமில்லாமல் மாறிவிடும்.

2. எத்தனை கிரெடிட் என்று பாருங்கள்

கிரெடிட் என்பது பாடத்தின் அளவை எண்ணும் அலகு. செமஸ்டர் முறையில் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், மைனருக்கு 15 முதல் 21 வரை. அதாவது ஐந்திலிருந்து ஏழு பாடங்கள். அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஓர் அறிமுகப் பாடம், ஒரு கோட்பாடு அல்லது ஆய்வுமுறைப் பாடம், மூன்று நான்கு விருப்பப் பாடங்கள், சில இடங்களில் கடைசியாக ஒரு கேப்ஸ்டோன் (படித்ததைத் திரட்டி ஆய்வாகச் செய்யும் நிறைவுப் பாடம்). விருப்பப் பாடங்களை ஒரே துறையில் குவிக்க விடமாட்டார்கள். குறைந்தது இரண்டு துறைகளிலிருந்து வரவேண்டும் என்பார்கள். 300, 400 எண்ணுள்ள மேல்நிலைப் பாடங்கள் இத்தனை கிரெடிட் என்று ஒரு கீழ்வரம்பும் இருக்கும்.

மதிப்பெண் விதியை அடிக்குறிப்பில் தேடுங்கள். சி அல்லது சி மைனஸுக்குக் கீழே வாங்கினால் பட்டத்துக்கு அந்த கிரெடிட் சேர்ந்தாலும் மைனருக்குச் சேராமல் போகலாம். பாஸ்/ஃபெயில் முறையில் எடுத்த பாடத்தைப் பல மைனர்கள் ஏற்பதில்லை. மேஜர் பாடங்கள் நெருக்கும் பருவத்தில் ‘இது மைனர்தானே’ என்று அதை பாஸ்/ஃபெயிலுக்கு மாற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. மாற்றிய பிறகு பெரும்பாலும் திரும்ப முடியாது.

3. ஒரே பாடத்தை எத்தனை இடத்தில் எண்ணலாம்?

ஒரு பாடம் மைனர், மேஜர், பொதுக் கல்வி ஆகிய மூன்று கணக்குகளிலும் சேர முடியுமா என்பதுதான் மொத்தச் செலவையும் நேரத்தையும் தீர்மானிக்கிறது. பொதுவான வழக்கம்: பொதுக் கல்வியோடு பகிரத் தடையில்லை, மேஜரோடு ஒன்று அல்லது இரண்டு பாடம் மட்டும் பகிரலாம், இரண்டு மைனர்களுக்கிடையே பகிரவே கூடாது. உங்கள் பல்கலையின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். அட்வைசரிடம் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்மொழிப் பதில் டிகிரி ஆடிட் (எந்தத் தேவை முடிந்தது, எது மீதி என்று மென்பொருள் காட்டும் சரிபார்ப்பு) நேரத்தில் உதவாது.

இதில் சமூகவியல் மாணவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். மைனர் பட்டியலில் உள்ள பாதிப் பாடங்கள் அவர்களுக்கு மேஜர் பாடங்களாகவே இருக்கும். பகிர்வு வரம்பு உடனே நிரம்பிவிடும். பொறியியல் மாணவருக்குப் பகிர எதுவும் இருக்காது, அதனால் வரம்பும் இடிக்காது. ஆனால் அவருக்குப் பொதுக் கல்வியில் இருக்கும் ஹியூமானிடீஸ் (இலக்கியம், வரலாறு போன்றவை), சமூக அறிவியல் இடங்கள் அத்தனையும் தங்கம். முதலாண்டில் அவற்றை ஏதோ ஒரு பாடத்தால் நிரப்பிவிடாமல், மைனர் பட்டியலில் உள்ள பாடங்களால் நிரப்பினால் இரண்டு மூன்று பாடங்கள் கூடுதல் செலவே இல்லாமல் முடிந்துவிடும். பள்ளியில் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற கல்லூரி நிலைத் தேர்வு) ஆப்பிரிக்கன் அமெரிக்கன் ஸ்டடீஸ் தேர்வு எழுதியவர்கள் அந்த மதிப்பெண் விருப்பப் பாடமாகச் சேருமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

இணைப் பட்டியல் பாடங்களில் இன்னொரு பொறி உண்டு. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே அறை. ஆனால் சமூகவியல் குறியீட்டிலும் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுக் குறியீட்டிலும் பட்டியலில் நிற்கும். இதை இரண்டு முறை எடுக்க முடியாது. எந்தக் குறியீட்டில் பதிவு செய்கிறீர்கள் என்பது முக்கியம். ‘இரண்டு துறைகளிலிருந்து வரவேண்டும்’ என்ற விதியை ஆடிட் மென்பொருள் குறியீட்டை வைத்துத்தான் பார்க்கிறது. குறியீட்டை மாற்ற வேண்டுமானால் பாடச் சேர்ப்பு, நீக்கக் கெடுவுக்குள் மாற்ற வேண்டும். அது பருவத்தின் முதல் ஒன்றிரண்டு வாரங்களோடு முடிந்துவிடும்.

4. கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

அறிமுகப் பாடம் பெரும்பாலும் பருவந்தோறும் வரும். கேப்ஸ்டோனும் கோட்பாட்டுப் பாடமும் அப்படி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்; நடத்தும் பேராசிரியர் சபாட்டிகலில் (ஆய்வுக்கான நீண்ட விடுப்பில்) போனால் அதுவும் வராது. சில விருப்பப் பாடங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். கேட்டலாக்கில் பெயர் இருக்கிறது என்பதால் அடுத்த பருவம் அது நடக்கும் என்று அர்த்தமில்லை.

கடந்த நான்கு பருவங்களின் வகுப்பு அட்டவணையை எடுத்து, மைனர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாடமும் எப்போது நடந்தது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. எது இலையுதிர் பருவத்தில் மட்டும் வருகிறது, எது பெயருக்கு மட்டும் பட்டியலில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு கேப்ஸ்டோனுக்கு முன்தேவை எது என்று பார்த்து, பின்னோக்கி அடுக்குங்கள். கோட்பாட்டுப் பாடம் வசந்த பருவத்தில் மட்டும், கேப்ஸ்டோன் இலையுதிர் பருவத்தில் மட்டும் என்றால், மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் கோட்பாட்டை முடிக்காதவருக்கு நான்கு ஆண்டுக்குள் மைனர் கிடைக்காது.

அறிமுகப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்துக்குள் முடித்துவிடுங்கள். அது முடியாமல் மற்றவை திறக்காது.

5. பதிவு செய்யும் முறையும் ஆவணங்களும்

பதிவுக்குக் கட்டணம் இருக்காது. மைனர் அட்வைசரைச் சந்திக்கும்போது கையில் இருக்கவேண்டியவை: அன்அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட் (நீங்களே இறக்கிக்கொள்ளும் மதிப்பெண் பட்டியல்), தற்போதைய டிகிரி ஆடிட், மேஜரின் மீதிப் பாடங்களையும் சேர்த்து எழுதிய பருவ வாரியான திட்டம், பதிவுப் படிவம். சில கல்லூரிகளில் மேஜர் அட்வைசரின் ஒப்புதலும் வேண்டும். பொறியியல் கல்லூரியிலிருந்து கலைக் கல்லூரியின் மைனருக்குப் போகும்போது இது கட்டாயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கெடு பல்கலைக்குப் பல்கலை மாறும். பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்வரை விடும் இடங்களும் உண்டு. இத்தனை கிரெடிட் தாண்டினால் முடியாது என்று கதவடைக்கும் இடங்களும் உண்டு. அறிமுகப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும் பருவத்திலேயே பதிவு செய்வது நல்லது. பதிவு செய்தவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைக்கும் பாடங்களில் அது பலன் தரும்.

பதிவான இரண்டு வாரத்தில் டிகிரி ஆடிட்டைத் திறந்து பாருங்கள். மென்பொருள் ஒரு பாடத்தைத் தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டத்தில் போட்டுவிடும். குடியேற்ற வரலாறு என்ற பாடத்தை நீங்கள் மைனருக்காக எடுத்திருப்பீர்கள். அது ‘பொது விருப்பப் பாடம்’ கட்டத்தில் பச்சையாக நிற்கும், மைனர் கட்டம் சிவப்பாகவே இருக்கும். தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். அட்வைசர் ஒரு விலக்குப் பதிவு போட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, கடைசிப் பருவத்தில் ரெஜிஸ்ட்ரார் அலுவலக வரிசையில் போய் நிற்கும்.

6. பட்டியலில் இல்லாத பாடத்தைச் சேர்க்க

‘சிறப்புத் தலைப்புகள்’ என்ற பெயரில் வரும் பாடங்கள்தான் இந்த மைனரின் சுவையான பகுதி. ஒரே எண், ஆனால் ஒரு பருவம் சிறைகளைப் பற்றி, அடுத்த பருவம் எல்லைப்புறக் குடியேற்றம் பற்றி. எண் ஒன்றாக இருப்பதால் ஆடிட் இவற்றை எடுத்துக்கொள்ளாது. மனு போடவேண்டும்.

மனுவோடு முழு சிலபஸ் இணைக்கப்பட வேண்டும். கேட்டலாக்கில் உள்ள மூன்று வரி விளக்கத்தை அனுப்பினால் திரும்பி வரும். குழு பார்ப்பது வாராந்திர வாசிப்பு அட்டவணையைத்தான். 15 வாரப் பாடத்தில் நகர்ப்புற வறுமை பேசப்படுகிறது, இனம் பற்றிய வாசிப்பு மூன்று வாரம் மட்டும் என்றால் நிராகரிப்புக்கே வாய்ப்பு அதிகம். இன அடிப்படையிலான குடியிருப்புப் பிரிவு, கடன் மறுப்பு, பள்ளி எல்லைகள் என்று பாதிக்கு மேற்பட்ட வாரங்கள் போனால் வாதாட இடமுண்டு. அந்த வாரங்களைக் கோடிட்டு, எந்தக் கட்டுரையை எந்த ஆய்வுத் தாளில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். இறுதி ஆய்வுத் தாளின் தலைப்பு இனம் சார்ந்தது என்று ஆசிரியர் ஒரு வரி மின்னஞ்சல் கொடுத்தால் மனு வலுக்கும்.

பாடம் தொடங்குமுன் போடுங்கள். முடித்த பிறகு போட்டு நிராகரிக்கப்பட்டால், அந்தப் பருவத்து இடமும் பணமும் போனதுதான்.

கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) பாடங்களுக்கும் இதே மனு. அங்கே எடுத்தவை கீழ்நிலைப் பாடங்களாகவே வந்து சேரும். மேல்நிலைத் தேவையை நிரப்பா. மைனரில் பாதியாவது சொந்தப் பல்கலையில் முடிக்க வேண்டும் என்ற விதியும் பரவலாக உண்டு.

7. செலவு எங்கே கூடுகிறது

பல பல்கலைகளில் முழுநேர மாணவருக்கு 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம். அந்த வரம்புக்குள் மைனர் பாடத்தைப் பொருத்தினால் கூடுதல் செலவில்லை. 19-ஆவது கிரெடிட்டிலிருந்து தனிக் கட்டணம். கோடைப் பருவத்தில் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் தனித்தனியே வசூலிப்பது வழக்கம். விலை மலைக்க வைக்கும். ‘கோடையில் ஒன்றை முடித்துவிடலாம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும், பில் வரும்வரை.

கவனிக்கப்படாத செலவு இன்னொன்று. ஃப்ளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைகளில், பட்டத்துக்குத் தேவையானதைவிட அதிக கிரெடிட் சேர்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் கட்டணம் உண்டு. மேஜர் மாறியவர்கள், வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் மைனரையும் சேர்த்துக்கொள்ளும்போது இந்த எல்லையில் இடிப்பார்கள்.

ஃபெடரல் நிதி உதவி பெறுபவர்கள் நிதி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: “மீதமுள்ள மைனர் பாடங்கள் என் பட்டத் திட்டத்தில் எண்ணப்படுமா?” பட்டத்துக்குத் தேவையான விருப்பப் பாட இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டால், மைனருக்காக மட்டும் எடுக்கும் பாடத்துக்கு உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். அதோடு, 120 கிரெடிட் பட்டத்தில் 180 கிரெடிட் முயன்றும் முடிக்காவிட்டால் உதவி நிற்கும் என்ற 150 சதவீத விதியும் இருக்கிறது. பாதியில் விட்டு டபிள்யூ (விலகியதைக் காட்டும் குறி) வாங்கிய பாடங்களும் அந்த 180-இல் அடக்கம்.

புத்தகச் செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வாசிப்பில் பெரும்பகுதி ஆய்வுக் கட்டுரைகள். நூலகத்தின் மின் சேமிப்பில் வந்துவிடும்.

8. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு

மைனரை வைத்து ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகமாக வேலை செய்யும் அனுமதி) கிடைக்காது. வேலை அனுமதி உங்கள் மேஜர் துறையோடு தொடர்புள்ளதாக இருக்கவேண்டும். ஸ்டெம் நீட்டிப்பும் (அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பட்டங்களுக்கு ஓ.பி.டி.யில் கிடைக்கும் கூடுதல் காலம்) மைனரை வைத்துக் கிடைக்காது. மைனருக்காக ஒரு சமூக அமைப்பில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய நினைத்தால், மேஜர் கணினி அறிவியல் என்னும்போது சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) கிடைப்பது கடினம். டி.எஸ்.ஓ.விடம் (விசா விவகாரங்களைக் கவனிக்கும் பல்கலை அதிகாரியிடம்) கேட்காமல் சம்மதம் சொல்லிவிடாதீர்கள். ‘சம்பளமில்லாமல்தானே’ என்று தொடங்குவதும் எல்லா இடத்திலும் பாதுகாப்பானதல்ல.

பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக்கூடாது. அந்த 12-இல் முழு ஆன்லைன் பாடம் ஒன்றுதான், அதுவும் 3 கிரெடிட் வரைதான் சேரும். இந்த மைனரின் பாடங்களில் பல ஆன்லைனில் வருவதால் இதைப் பதிவின்போதே எண்ணிப் பாருங்கள்.

ஐ-20-இல் (எஃப்-1 விசாவுக்குப் பல்கலை தரும் ஆவணத்தில்) உள்ள முடிவு தேதிதான் உண்மையான கெடு. நீட்டிப்பு வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே, ஏற்கத்தக்க கல்விக் காரணமோ மருத்துவக் காரணமோ காட்டிக் கேட்கவேண்டும். மேஜர் தேவைகள் எல்லாம் முடிந்து மைனர் மட்டும் மிச்சம் என்ற நிலையில், நீட்டிப்பு கைகொடுக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

9. வகுப்பில் எதற்குத் தயாராக வேண்டும்

அமெரிக்கக் கணக்குப்படி 3 கிரெடிட் பாடம் என்றால் வாரம் மூன்று மணி வகுப்பு, ஆறு மணி வீட்டு வேலை. இங்கே அந்த ஆறு மணியும் உண்மையிலேயே போகும். மேல்நிலைப் பாடத்தில் வாரம் நூறு பக்கம் வாசிப்பு சாதாரணம். அதன் மேல் ஒன்றிரண்டு பக்க எதிர்வினை, பருவ முடிவில் 10 முதல் 15 பக்க ஆய்வுத் தாள். ஆய்வகப் பாடங்கள் இரண்டு இருக்கும் பருவத்தில் இப்படி இரண்டு பாடம் சேர்த்தால் எட்டாவது வாரத்தில் மூச்சு முட்டும். ஒன்று போதும்.

மேற்கோள் முறை துறைக்குத் துறை மாறுவது பலரை மதிப்பெண் இழக்க வைக்கிறது. சமூகவியலில் ஏ.எஸ்.ஏ., உளவியலில் ஏ.பி.ஏ., இலக்கியத்தில் எம்.எல்.ஏ., வரலாற்றில் சிகாகோ அடிக்குறிப்பு, மானிடவியலில் சிகாகோ ஆசிரியர்-ஆண்டு முறை. ஜொட்டெரோ போன்ற இலவச மென்பொருளை முதல் பாடத்திலேயே பழகிக்கொண்டால் ஒரே சொடுக்கில் மாற்றலாம். மேற்கோள் முறை மட்டுமல்ல, எது ஆதாரம் என்பதும் மாறும். வரலாற்று ஆசிரியர் மூல ஆவணம் கேட்பார், சமூகவியல் ஆசிரியர் தரவு கேட்பார், இலக்கிய ஆசிரியர் வரி வரியான வாசிப்பு கேட்பார். சொந்த அனுபவத்தை மட்டும் வைத்து எழுதிய தாள் மூவரிடமும் எடுபடாது.

சென்சஸ் எண்களைக் கையாளும்போது கவனம். இனத் தரவு பற்றிய மத்திய அரசின் 1997 விதிகளின்படி திரட்டிய தரவில் ஹிஸ்பானிக் என்பது தனிக் கேள்வி. அந்த எண்ணிக்கையை இன வகைகளோடு கூட்டினால் மொத்தம் 100 சதவீதத்தைத் தாண்டும். 2000 முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்பதால், ‘அந்த இனம் மட்டும்’, ‘அந்த இனம் தனியாகவோ சேர்ந்தோ’ என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். எதை எடுத்தீர்கள் என்று தாளில் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் விதி மாறி இரண்டு கேள்விகளும் ஒன்றாகின. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்ற வகையும் சேர்ந்தது. பழைய தரவையும் புதிய தரவையும் ஒரே வரைபடத்தில் போட்டு ‘மக்கள்தொகை மாறிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். மாறியது கேள்வியாகக்கூட இருக்கலாம். இந்தியர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் குடியுரிமைக்கு அவர்களை வெள்ளையர் அல்ல என்றது. 1970 சென்சஸ் வெள்ளையரில் சேர்த்தது. 1980-இல் ‘ஏஷியன் இண்டியன்’ என்ற கட்டம் வந்தது. மக்கள் அதே மக்கள்தான். முதல் ஆய்வுத் தாளுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது அரிது. தமிழ் பேசுவோரைப் பற்றி எழுத வேண்டுமானால் இனக் கேள்வியில் தேடாதீர்கள். சென்சஸ் துறை ஆண்டுதோறும் எடுக்கும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் வீட்டில் பேசும் மொழி பற்றிய விரிவான அட்டவணையைப் பாருங்கள்.

சாதியும் இனமும் என்ற ஒப்பீட்டைப் பல தெற்காசிய மாணவர்கள் கேப்ஸ்டோனுக்கு எடுக்கிறார்கள். நல்ல தலைப்பு, ஆனால் அகலம் அதிகம். ‘இரண்டும் ஒன்றா’ என்ற கேள்வியோடு போனால் 15 பக்கத்தில் அடங்காது. கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலை 2022 ஜனவரியில் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது, சியாட்டில் நகரம் 2023-இல் சட்டமே இயற்றியது. இவற்றில் ஒன்றை எடுத்து, அந்த ஆவணம் சாதியை எந்த வகையின் கீழ் வைக்கிறது என்று குறுக்கிக் கேட்டால் தாள் நிற்கும்.

நேர்காணல் செய்வதாக இருந்தால் ஐ.ஆர்.பி. (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைப் பரிசீலிக்கும் பல்கலைக் குழு) அனுமதி பற்றி முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் பேசுங்கள். வகுப்புப் பயிற்சியோடு முடிவதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மாநாட்டில் படிக்கவோ வெளியிடவோ எண்ணம் இருந்தால் தேவைப்படும். எளிய ஆய்வுக்கே சில வாரம் ஆகலாம், இணையப் பயிற்சிச் சான்றிதழும் முடித்திருக்க வேண்டும். நேர்காணலை முடித்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி வாங்க வழியே இல்லை.

10. பட்டம் வாங்கும் பருவத்தில்

பட்ட விண்ணப்பத்தில் மைனரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பே பதிவு செய்திருந்தாலும் விண்ணப்பத்தில் தனியாகக் குறிக்கச் சொல்லும் பல்கலைகள் உண்டு. மைனர் பொதுவாகப் பட்டச் சான்றிதழில் வராது. டிரான்ஸ்கிரிப்டில் மட்டும் வரும். பட்டம் வழங்கப்பட்ட நாளோடு டிரான்ஸ்கிரிப்ட் பூட்டப்பட்டுவிடும், பிறகு மைனரைச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. அதனால் கடைசி மதிப்பெண்கள் வந்ததும், பட்டம் பதிவாகுமுன் உள்ள அந்தச் சில நாள்களில் ஆடிட்டை இன்னொரு முறை திறந்து மைனர் கட்டம் முழுக்கப் பச்சையா என்று பார்த்துவிடுங்கள். எல்லா சிலபஸ்களையும் பிடிஎஃபாக இறக்கிச் சொந்தக் கணக்கில் வையுங்கள். முதுநிலைச் சேர்க்கையில் பாட விவரம் கேட்கும்போது பல்கலைக்கழக உள்நுழைவு வேலை செய்யாது.